கைத்தையலைப் பொழுதுபோக்காகத் தொடங்குதல்: எந்தத் தையல் முதலில், நூலுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

நிலாமுற்றம் (கொக்குவில், யாழ்ப்பாணம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு வங்கியில் காசாளராக இருக்கிறேன். நாள் முழுவதும் எண்களோடும் வரிசையில் நிற்பவர்களோடும் கழிவதால், மாலையில் ஒரு மணித்தியாலமாவது கைபேசியைத் தொடாமல் கையால் எதையேனும் செய்ய வேண்டும் என்று நான்கு மாதங்களுக்கு முன்பு பூத்தையலைத் தொடங்கினேன். தொடங்கினேன் என்பதைவிடப் பொருள்களை வாங்கினேன் என்பதே நேர்மையான பேச்சு. நூறு நிறங்கள் கொண்ட ஒரு நூற்பொதி, துணியை விறைப்பாகப் பிடிக்க மூன்று அளவுகளில் மூங்கில் வளையங்கள், வடிவம் அச்சிட்ட இரண்டு துணிகள், ஓர் ஊசிப் பெட்டி என ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய் போய்விட்டது; முடித்த வேலை என்று காட்ட ஒரு கைக்குட்டைகூட இல்லை. அச்சிட்ட ரோசாப் பூவின் இதழ்களை நிரப்பத் தொடங்கினால் நூல் பஞ்சாகப் பிரிகிறது, துணி சுருங்கி இழுபடுகிறது. அதைக் கழுவியபோது சிவப்பு ஊறி வெள்ளைத் துணி முழுவதும் பரவிவிட்டது. இந்தக் காசுக்குப் பத்து உறைகளைக் கடையிலேயே வாங்கியிருக்கலாம் என்பது அம்மாவின் கணக்கு.

இனிமேல் மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இதற்கு ஒதுக்க இயலாது. எந்தத் தையலில் தொடங்குவது, உண்மையில் எவை தேவை, வகுப்புக்குப் போகாமல் கற்க முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய மனையியல் (மானிப்பாய்) எழுதியது:

பிள்ளை, நீங்கள் விட்ட பிழை ஒன்றுதான். இதழை நிரப்பும் சற்றின் தையல் பார்வைக்கு எளிது; நேர்நேராக இழுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு இழையும் அடுத்ததற்கு இணையாக விழ வேண்டும், ஓரம் பிசிறக் கூடாது, இழுவிசை ஒரு இடத்தில் கூடினாலும் துணி சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அதில் தொடங்கியது, நடை பழகும் முன்பே நல்லூர்த் தேர்வடம் பிடிக்கப் போனதற்குச் சமம்.

முதல் மாதத்தில் கோட்டுத் தையல்கள் மட்டும் போதும். வெள்ளைப் பருத்தித் துணியில் அரை யார் எடுத்து, அடிமட்டத்தால் பென்சில் கோடுகளை இரண்டு விரல் இடைவெளியில் போடுங்கள். முதற்கோட்டில் ஊசியை மேலும் கீழுமாக ஓடவிடும் ஓட்டுத் தையல், அடுத்ததில் ஒவ்வொரு தடவையும் பின்னோக்கிக் குத்தும் பின் தையல், பிறகு கயிறு போலச் சாய்ந்து படியும் காம்புத் தையல், அதன் பின் வளையத்துக்குள் வளையமாகப் போகும் சங்கிலித் தையல். ஒவ்வொன்றையும் ஒரு கோட்டோடு விட்டுவிடாமல் நான்கைந்து கோடுகள் போடுங்கள். முதற்கோட்டுக்கும் ஐந்தாம் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கண்ணே சொல்லும். அதன் பின் வளைகோடுகள். நேர்கோட்டில் சரியாக நிற்கும் கை வளைவில்தான் தடுமாறும். அங்கே தையலின் நீளத்தைச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும்.

காம்புத் தையல் சரியாக விழுகிறதா என்பதை அறிய முன்புறத்தைப் பார்க்க வேண்டாம், துணியைத் திருப்புங்கள். பின்புறம் அசல் பின் தையலைப் போலத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் ஊசி முந்திய துளையில் வெளிவரவில்லை, அல்லது நூல் ஒரு தடவை கோட்டுக்கு மேலாகவும் ஒரு தடவை கீழாகவும் கிடந்திருக்கிறது. என் மாணவிகளின் வேலையை நான் எப்போதும் பின்புறத்திலிருந்துதான் திருத்துவேன். அதற்காக என்மீது கோபப்பட்டவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளின் துணியைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

சங்கிலி கைவந்த பின் லேசி டேசி என்ற இதழ்த் தையலுக்குத் தனிப் பாடம் தேவையில்லை. சங்கிலியின் ஒரு வளையத்தைத் தனியே விட்டு, நுனியில் ஒரு சிறு தையலால் கட்டிவிட்டால் அதுவே இதழ். ஊசியில் நூலைச் சுற்றிப் புள்ளியாகப் போடும் பிரெஞ்சு முடிச்சு அதற்குப் பிறகு. சற்றின் எல்லாவற்றுக்கும் பிறகு. பிரியும் அந்த நூறு நிற நூலை எறிந்துவிட வேண்டாம். பயிற்சித் துணிக்கு அதுவே போதும். ஆனால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரையான நீளத்துக்கு மேல், அதாவது 45 சென்ரிமீற்றருக்கு மேல் வெட்டாதீர்கள். நூல் துணிக்குள் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேய்கிறது. நீள நூல் வேலையை விரைவுபடுத்துவதில்லை, சிக்கைத்தான் விரைவுபடுத்துகிறது.

கிடுகுவேலி (நெல்லியடி) எழுதியது:

ரீச்சர் சொன்னவற்றோடு தையல்காரனாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். வாங்கிய நூல் பருத்தியா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு விரற்கடை நூலைக் குறட்டால் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்து நெருப்புக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மென்சாம்பலாகும்; பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக நிற்கும். உருகும் நூலில் அழகான வேலை செய்ய முடியாது என்றில்லை, ஆனால் பருத்தித் துணியில் அதைப் போட்டுவிட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பிறகு வருந்த நேரிடும்.

துணிக்கு நீங்கள் காசே செலவழிக்கத் தேவையில்லை. பெரிய தையல் வேலை நடக்கும் எந்தக் கடையிலும் வெட்டுத் துண்டுகள் மூட்டையாகக் கிடக்கும், கேட்டால் தருவார்கள். பருத்தியாகவும் நெருக்கமான நெசவாகவும் உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். கோடித் துணியானால் முதலில் ஒரு தடவை நனைத்துக் கஞ்சியைப் போக்கிக் காயவிட்டு இஸ்திரி போட்ட பிறகே ஊசியை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தைத்து முடித்த பின் துணி மட்டும் சுருங்கும், தையல் சுருங்காது, இரண்டும் சண்டை பிடிக்கும்.

எம்பிராய்டரி ஊசியில் எண் பெருகப் பெருக ஊசி மெலியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நூலிலிருந்து பிரித்தெடுத்த இரண்டு இழைக்கு 8 அல்லது 9, மூன்று இழைக்கு 7 சரியாக இருக்கும். ஊசியைத் துணியில் குத்தியபடி இரவில் விட்டுவிடாதீர்கள். கடற்காற்று வீசும் எங்கள் ஊரில் துரு ஏற ஒரு மழைக்காலம் போதும். துருக்கறையைப் போக்குவதைவிடப் புதுத் துணியில் தைப்பது எளிது. வளையத்தையும் ஒவ்வொரு நாளும் கழற்றுங்கள். மூன்று வளையம் வாங்கியிருக்கிறீர்கள், ஒன்றே போதும். உள்வளையத்தைச் சுற்றிப் பழைய வேட்டிக் கரையை நாடாவாகக் கிழித்துச் சுற்றிவிட்டால் துணி வழுக்காது.

சதுரக்கட்டம் (சாவகச்சேரி) எழுதியது:

நான் ஓய்வுபெற்ற நில அளவையாளர். இந்த உரையாடலில் ஆண்கள் எழுதலாமா என்று தயங்கினேன். கிடுகுவேலி அண்ணா வழி திறந்துவிட்டார். நான் செய்வது, கட்டத்துக்குக் கட்டம் இரு சாய்கோடுகள் குறுக்கிடும் சிலுவைத் தையல் மட்டுமே. கட்டம் போட்ட தாளில் வரைந்து, எண்ணித் தைப்பதால் வரைபடம் தெரிந்த கைக்கு அது பழைய வேலையைப் போலவே இருக்கிறது.

நூற்செலவு பற்றி எழுதுகிறேன், ஏனெனில் இதைக் கணக்கிடாமல்தான் பலர் கடையில் காசை விடுகிறார்கள். அங்கர், டிஎம்சி போன்ற நிறுவனங்களின் நூற்கண்டு ஒன்றில் 8 மீற்றர் நூல் உண்டு. அது 6 இழைகளாகப் பிரியும். ஆகவே ஒற்றை இழையாக 48 மீற்றர், இரட்டை இழையாக 24 மீற்றர். சிலுவைத் தையலுக்கென்றே கட்டம் கட்டமாக நெய்த அயிடா துணியில், அங்குலத்துக்கு 14 கட்டமுள்ளதில், ஒரு கட்டத்தின் பக்கம் 1.8 மில்லிமீற்றர். ஒரு சிலுவைக்கு முன்புறம் இரண்டு மூலைவிட்டங்கள், பின்புறம் இரண்டு பக்கங்கள். கூட்டினால் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். 24 மீற்றரை 9 மில்லிமீற்றரால் வகுத்தால் 2,600 சிலுவைகளுக்கு மேல் வரும். 70 கட்டம் அகலமும் 70 கட்டம் உயரமும் கொண்ட வடிவம் 5 அங்குலச் சதுரம்; அதில் 4,900 சிலுவைகள். இரண்டு நூற்கண்டில் முடிந்துவிடும்.

பழைய மனையியல் எழுதியது:

ஐயா, உங்கள் கணக்கு தாளில் சரி, ஊசியில் சரிவராது. 45 சென்ரிமீற்றர் நூலில் ஊசிக்காதருகே பிடித்துக்கொள்ள ஏழெட்டு சென்ரிமீற்றர் போய்விடும். தொடக்கத்திலும் முடிவிலும் பின்புறம் செருகுவதற்கு இன்னும் ஐந்து. மிஞ்சுவது 32 அளவில்தான். அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. 1,800 சிலுவைகள் என்று வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வேலையில் நூல் முடியாது. நடுவில் முடிந்து, திரும்பவும் அதே எண்ணை வாங்கினால், சாயத் தொகுதி மாறி நிறம் மயிரிழை வேறுபடுவதும் உண்டு.

சதுரக்கட்டம் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். அளவைச் சங்கிலி தரையில் தொய்வதை நாற்பது வருடம் கணக்கில் எடுத்தவன் நூலின் நுனியை மறந்துவிட்டேன். அப்படியானால் 4,900 சிலுவைக்கு மூன்று நூற்கண்டு. ஆனால் அது ஒரே நிறமானால் மட்டும். அதே சதுரத்தை 12 நிறங்களில் தைத்தால் 12 நூற்கண்டு வாங்கியே ஆக வேண்டும். அவற்றால் 21,600 சிலுவைகள் போடலாம், நீங்கள் போடப்போவதோ 4,900. நான்கில் மூன்று பங்கு நூல் பெட்டிக்குள் உறங்கும். ஆகவே, நிலாமுற்றம் அவர்களே, உங்கள் இரண்டாயிரத்தைத் தின்பது வேலையின் பருமன் அன்று, நிறங்களின் எண்ணிக்கை. ஒற்றை நிறத்தில், அடர்நீலமாகவோ செங்கபிலமாகவோ வெள்ளைத் துணியில் தைத்த வடிவங்கள் மலிவானவை என்பதற்காக மட்டும் நான் பரிந்துரைக்கவில்லை. பன்னிரண்டு நிறத்தில் தைத்த என் கிளியைவிட ஒற்றை நீலத்தில் தைத்த கரைதான் வீட்டுக்கு வருகிறவர்களின் கண்ணில் படுகிறது.

அயிடா துணி கிடைக்காவிட்டால் பள்ளிச் சட்டைக்கு வாங்கும் சிறு கட்டத் துணியில் ஒரு கட்டத்துக்கு ஒரு சிலுவை போடுங்கள். கட்டம் பெரிதாக இருக்குமாதலால் மூன்று இழை பிடிக்க வேண்டும்; பழகுவதற்கு அது போதும்.

பனிமழை (ஸ்காபரோ, கனடா) எழுதியது:

ஊரை விட்டு வந்து இருபத்தைந்து ஆண்டுகளாகின்றன. இந்த உரையாடலைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போரால் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த 1990களில் எங்கள் வீட்டில் பூத்தையல் நூல் என்று ஒன்றும் இருக்கவில்லை. அம்மா பழைய நூற்சேலையின் கரையிலிருந்து நிற இழைகளை உருவியெடுத்து, ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி நாங்கள் படித்துக்கொண்டிருக்க, அந்த வெளிச்சத்தின் மிச்சத்தில் தைப்பார். உருவிய இழை நெசவின் நெளிவோடு இருக்கும், இலகுவில் அறும். அதை மெழுகுதிரித் துண்டில் ஒருமுறை இழுத்துவிட்டுத் தைப்பார். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் அம்மா அப்படித் தைத்த தலையணை உறை ஒன்றுக்குள்தான் வந்தன.

ஒரு விரல் நூலும் வீணாகாத தொடக்கம் ஒன்றை அவரிடம் கற்றேன். இரண்டு இழை வேண்டுமானால், இரு மடங்கு நீளத்தில் ஒற்றை இழையை எடுத்து நடுவில் மடியுங்கள். வெட்டிய இரு நுனிகளையும் ஊசியில் கோத்தால் மறுமுனையில் ஒரு காது இருக்கும். துணியின் கீழிருந்து மேலே வந்து, முதற்தையலைப் போட்டுக் கீழே இறங்கும்போது ஊசியை அந்தக் காதுக்குள் விட்டு இழுத்தால் நூல் தானே பூட்டிக்கொள்ளும். முடிச்சும் இல்லை, செருகும் வாலும் இல்லை. இரண்டு, நான்கு என இரட்டைப்படை இழைகளுக்கு மட்டுமே இது சரிவரும். ரீச்சர் சொன்ன மூன்றில் ஒரு பங்கு இழப்பில் ஒரு பகுதியை இது மீட்டுத் தரும்.

நல்ல நூலின் மினுக்கத்துக்கும் காரணம் உண்டு. பருத்தி நூலை இழுத்துப் பிடித்தபடி எரிசோடாக் கரைசலில் பதப்படுத்தும்போது நார் பருத்து உருண்டு ஒளியைச் சீராகத் திருப்புகிறது, சாயத்தையும் நன்றாகப் பிடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜோன் மேர்சர் என்ற ஆங்கிலேயர் கண்ட முறையிலிருந்து வந்ததால் அதற்கு ‘மேர்சரைஸ்’ என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. மலிவுப் பொதிகளில் இந்தப் பக்குவம் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் சிவப்பு நூலை முன்கூட்டியே உப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள், சாயம் போகாது.

கிடுகுவேலி எழுதியது:

அக்கா, மற்றவை எல்லாவற்றுக்கும் தலைவணங்குகிறேன். உப்பில் மட்டும் உடன்பாடில்லை. சாயம் காய்ச்சும் தொட்டியில் உப்புப் போடுவது சாயத்தை நாரின் பக்கம் தள்ளுவதற்காக. சாயமேற்றி முடிந்த நூலை உப்பில் ஊறவைப்பதால், ஒட்டாமல் நிற்கும் சாயம் புதிதாக ஒட்டிக்கொள்வதில்லை. சிவப்பு, கறுப்பு, கடுநீலம் ஆகியவற்றில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஊறினால், தண்ணீர் தெளியும் வரை குளிர்ந்த நீரில் அலசுங்கள்; அப்போதும் தெளியாவிட்டால் அந்த நூலுக்கு வெள்ளைத் துணியில் இடமில்லை. தைத்த பின் சாயம் பரவிவிட்டால் அதைக் காயவிடக் கூடாது, இஸ்திரியும் போடக் கூடாது. ஈரமாகவே பெரிய வாளி நீரில் அமிழ்த்தி, நீரை மாற்றி மாற்றி வையுங்கள். நிலாமுற்றத்தின் துணி காய்ந்துவிட்டதால் அதைக் கைவிட வேண்டியதுதான்.

பனிமழை எழுதியது:

என் அம்மா இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார். ஆனாலும் அவருடைய சிவப்புகள் ஊறாமல் இருந்ததற்கு, பத்து வருடம் உடுத்துத் துவைத்த சேலையிலிருந்து அவை வந்ததே காரணமாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

வல்லைவெளி (பருத்தித்துறை) எழுதியது:

கற்ற பின் விற்கலாமே? வெளிநாட்டில் கைவேலைக்கு நல்ல விலை என்கிறார்கள்.

சதுரக்கட்டம் எழுதியது:

என் கை ஒரு மணித்தியாலத்தில் 150 சிலுவைதான் போடும். 5 அங்குலச் சதுரத்துக்கு 33 மணித்தியாலம். அதற்குக் கூலி கேட்டால் வாங்குபவர் ஓடுவார். கேட்காவிட்டால் நான் ஓட வேண்டும். கேட்டவர் பொழுதுபோக்கைத்தான் கேட்டார்.

நிலாமுற்றம் எழுதியது:

வகுப்பைப் பற்றி எவரும் பேசவில்லை என்றாலும், இத்தனை விளக்கத்துக்குப் பிறகு அதற்கான தேவை குறைந்துவிட்டது. பயிற்சித் துணியில் இப்போது இருபத்து மூன்று கோடுகள் இருக்கின்றன. காம்புத் தையலின் பின்புறம் பத்தாம் கோட்டில்தான் சரியாக வந்தது. அடுத்து ஒரு சோடித் தலையணை உறை செய்ய ஆசை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் வடிவங்கள் எல்லாம் ரோசாவும் டேசியுமாகவே இருக்கின்றன. டேசிப் பூவை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.

பழைய மனையியல் எழுதியது:

அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இங்கே பெண்பிள்ளைகளுக்குப் பூத்தையல் பள்ளிப் பாடமாக வந்தது மிசனரிமாரின் விடுதிப் பள்ளிகளோடுதான். உடுவிலில் அமெரிக்க மிசன் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது 1824இல். ஊசியோடு அவர்களின் ஊர்ப் பூக்களும் வந்துவிட்டன. நான் படித்த காலத்திலும் தலையணை உறையில் ஆங்கிலத்தில் ‘குட் நைற்’ என்று எழுதி இரு பக்கமும் டேசி போடுவோம். வானொலிப் பெட்டி உறைக்கும் அதே டேசி. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனாலும் முற்றத்தில் நிற்பதை வரைவதில் ஒரு வசதி உண்டு: இதழ் எப்படி மடிகிறது என்பதை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

செவ்வரத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து இதழ்களின் விளிம்பையும் சங்கிலித் தையலில் போடுங்கள், உள்ளே நிரப்ப வேண்டாம். நரம்புகளுக்கு ஒற்றை இழையில் ஓட்டுத் தையல். நடுத்தண்டு காம்புத் தையல். அதன் நுனியில் மகரந்தத்துக்குப் பிரெஞ்சு முடிச்சுகள். நீங்கள் கற்ற தையல்களைத் தவிர வேறொன்றும் இதில் இல்லை. நிறமோ சிவப்பு, மஞ்சள், இரண்டு பச்சை, நான்கே நான்கு. பின் தையல், காம்பு, சங்கிலி மூன்றுமே கோட்டின் நீளத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நூலை எடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இரட்டை இழையில் ஒரு நூற்கண்டு, கழிவு போக, ஐந்தரை மீற்றர் கோட்டுக்குக் காணும். உறையின் ஒரு மூலைக்கு எல்லா நிறமும் சேர்ந்து ஒன்றரை மீற்றர் கோடுதான் வரும். நான்கு நூற்கண்டில் இந்தச் சோடியும் முடிந்து, அடுத்ததற்கும் மிஞ்சும். சற்றின் தையலால் நிரப்பியிருந்தால் முன்புறம் எவ்வளவோ அவ்வளவு நூல் பின்புறமும் போயிருக்கும்.

இழைகளைப் பிரிக்கும்போது இரண்டையும் ஒன்றாக இழுக்காதீர்கள். ஒவ்வொன்றாக உருவி, பின் சேர்த்து வைத்தால் முறுக்கு நீங்கித் தட்டையாகப் படியும்.

நிலாமுற்றம் எழுதியது (மூன்று வாரங்களின் பின்):

ஒரு உறை முடிந்தது. பெரியகடைப் பக்கமுள்ள தையல் சாமான் கடையில் நான்கு நூற்கண்டும் 8ஆம் எண் ஊசிப் பொதி ஒன்றும் மட்டும் வாங்கினேன். கடைக்காரர் வேறொன்றும் வேண்டாமா என்று இரு தடவை கேட்டார். துணி கிடுகுவேலி அண்ணா சொன்னபடி வெட்டுத் துண்டு. இரண்டாயிரத்தில் பாதிக்கு மேல் மீதியிருக்கிறது. இலைப் பச்சை ஒன்று எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கரைகிறது, ஏனெனில் இரண்டு தடவை அவிழ்த்துத் தைத்தேன். முடித்தவற்றையும் மிச்ச நூலையும் பாட்டியின் பனையோலைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஒரு சிக்கல். பூவை உறையின் நடுவில் போட்டுவிட்டேன். அதில் படுத்தெழுந்த தம்பியின் கன்னத்தில் ஏழு பிரெஞ்சு முடிச்சுகளும் அச்சாகப் பதிந்திருக்கின்றன.

பழைய மனையியல் எழுதியது:

அதனால்தான் மூலையில் என்று எழுதினேன், பிள்ளை. உறையின் வாய்ப்புறம், மடிப்புத் தையலிலிருந்து மூன்று விரல் உள்ளே, தலை படாத இடத்தில் இரண்டாவதைப் போடுங்கள். முடித்த உறையில் முடிச்சுகளை மட்டும் அவிழ்த்து, அந்த இடத்தில் ஒற்றை இழையால் சிறு பின் தையல்கள் ஏழு போட்டுவிடுங்கள். தூரத்துக்கு அவையும் மகரந்தமாகவே தெரியும். பெட்டியில் வைக்கும் துணிக்குக் கஞ்சி போடாதீர்கள், இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.